அரங்கில் மிரளும் குதிரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், குதிரையின் நடையையும் அசைவுகளையும் நடுவர்முன் செய்துகாட்டி மதிப்பெண் பெறும் டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் பங்கேற்று வருகிறாள். அவளுடைய பெட்டைக்குதிரைக்கு 9 வயது. பயிற்சியின்போது அதன் டிராட் என்னும் மிதவேக ஓட்டத்தைப் பார்ப்பவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் போட்டிக்காகப் பெங்களூருக்குக் கொண்டு போனால், தொடங்கச் சொல்லும் மணி அடித்ததுமே உடல் விறைத்துவிடுகிறது. நடுவர் அமர்ந்திருக்கும் பக்கம் போனால் மிரண்டு விலகுகிறது. கடைசிப் போட்டியில் நடுக்கோட்டில் நிறுத்த முயன்றபோது முன்னங்கால்களைத் தூக்கி எழும்பிவிட்டது. ஒரு போட்டியில் 68 விழுக்காடு, அடுத்ததில் 54. மற்றபடி இலாயத்தில் அமைதியாகவே இருக்கும்; சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது மட்டும் கடிக்க வரும். போட்டிக்கு முன் நன்றாக ஓடவிட்டுக் களைப்பாக்கிவிடச் சொல்கிறார் பயிற்சியாளர். விற்றுவிட்டுச் சாதுவான குதிரையாக வாங்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். மகள் இரண்டுக்கும் ஒப்பவில்லை. நாங்கள் என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், குன்னூர்

பதில்: அம்மா, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில்தான் என் கண் நின்றது. வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வரும் குதிரையைக் கோபக்காரி என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. அது வலியைச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு, வலி இல்லை என்று மருத்துவர் உறுதி செய்யும்வரை பயிற்சி முறையைப் பற்றிய பேச்சையே நாம் தள்ளி வைக்க வேண்டும்.

முதலில் இரைப்பைப் புண். குதிரையின் இரைப்பை, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவு பகலாக அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாளின் பெரும்பகுதியை மேய்ந்து கழிக்கும் உயிருக்காக அமைந்த வயிறு அது. இரைப்பையின் கீழ்ப்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு, மேற்பகுதிக்கு இல்லை. மணிக்கணக்கில் வெறும் வயிற்றோடு வண்டியில் நின்று வந்த குதிரையை, அப்படியே சேணம் பூட்டி டிராட்டிலும், அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்திலும் ஓட்டினால், வயிற்றுக்குள் அமிலம் மேலே தெறித்து அந்தப் பகுதியை அரிக்கிறது. ஆகவே 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளில் குறைந்தது ஏழரைக் கிலோ உலர்புல்லாவது கிடைக்க வேண்டும் என்பதோடு, சேணம் பூட்டுவதற்குச் சற்று முன் இரண்டு கைப்பிடி புல்லாவது தின்னக் கொடுக்க வேண்டும். புண் இருக்கிறதா என்பதை இரைப்பைக்குள் குழாய்க் கேமரா செலுத்திப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். கூடவே பற்களையும் (கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கலாம்), முதுகையும், சேணம் தோள்பட்டையை அழுத்துகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டைக்குதிரை என்பதால், ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு முறை வரும் பருவச் சுழற்சியோடு இந்த முரண்டு ஒத்துப்போகிறதா என்பதை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வாருங்கள்; மருத்துவருக்கு அந்த நோட்டு பெரிய உதவி.

நீலகிரியில் குதிரை வளர்ப்பவர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் மலைச்சரிவுகளில் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும் கிகுயு புல், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதில் ஆக்ஸலேட் மிகுதி. அது தீனியிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் உடலில் சேரவிடாமல் கட்டிப்போட்டுவிடும். இந்தப் புல்லையே மேய்ந்து, அதன்மேல் பாஸ்பரஸ் நிறைந்த கோதுமைத் தவிட்டையும் தினமும் தின்னும் குதிரை, தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை இழக்கத் தொடங்கும். இன்று ஒரு கால், நாளை வேறொரு கால் என்று இடம் மாறும் நொண்டல், காரணம் புரியாத எரிச்சல், எட்டு வைக்கத் தயங்கும் நடை ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள்; முற்றினால் முகத்தெலும்பே வீங்கிவிடும். தவிட்டைக் குறைத்து, வேறு வகை உலர்புல்லைச் சேர்த்து, எவ்வளவு கால்சியம் கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொள்ளும் ஓட்ஸும் எவ்வளவு வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. செய்யும் வேலைக்கு மேல் தானியம் தின்னும் குதிரை, குளிர்காற்று வீசும் காலையில் துள்ளத்தான் செய்யும்.

உடல் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அரங்கிற்கு வருவோம். களைப்பாக்கிவிடும் யோசனையை நான் ஏற்கவில்லை. போட்டிக்கு முன் ஒரு மணி நேரம் லஞ்ச் கயிற்றில் (நடுவில் ஒருவர் நின்று பிடிக்கும் நீண்ட கயிறு) சுற்றவிட்ட குதிரை இந்த மாதம் அடங்கும். அந்த ஓட்டமே அதன் மூச்சையும் தசையையும் வலுப்படுத்துவதால், சில மாதங்களில் ஒன்றரை மணி நேரம் சுற்றினாலும் அடங்காது. மேலும், பின்னங்கால்களில் எடையை ஏற்றிக்கொண்டு முன்பக்கத்தை இலேசாக்கும் வேலையைத்தான் டிரெஸ்ஸாஜ் கேட்கிறது, களைத்த தசையால் அதைச் செய்ய முடியாது. எல்லாரும் நின்று பார்க்கும் அந்த டிராட் எந்த நுண்ணுணர்விலிருந்து வருகிறதோ, மிரட்சியும் அதிலிருந்தே வருகிறது. ஒன்றை மழுக்கினால் மற்றதும் மழுங்கும்.

1988-இல் சியோலிலும் 1992-இல் பார்சிலோனாவிலும் தனிநபர் தங்கம் வென்ற ஜெர்மானிய வீராங்கனை நிகோல் உப்ஹாஃபின் ரெம்பிராண்ட், சிறு அசைவுக்கும் மிரளும் குதிரையாகவே பெயர் பெற்றிருந்தது. 2004, 2008 ஒலிம்பிக் போட்டிகளில் நெதர்லாந்தின் அங்கி வான் கிருன்ஸ்வென் தங்கம் வென்றபோது ஏறியிருந்த சலினேரோ என்ற குதிரை, கடைசியில் நடுவர்களுக்கு வணக்கம் சொல்லும் நேரத்தில் அசையாமல் நிற்பதற்கே அரும்பாடு படும். நிறுத்தத்தில் இழந்ததை மற்ற அசைவுகளில் அது ஈட்டிக்கொண்டது. ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனியே 0 முதல் 10 வரை, அரை மதிப்பெண் உட்பட, வழங்கப்படுகிறது என்பதை உங்கள் மகள் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். நிறுத்தத்தில் 3 விழுந்துவிட்டால் அது அங்கேயே முடிந்தது. அடுத்த அசைவுக்கு நடுவர் புதிதாக எண் போடுகிறார். போன அசைவை எண்ணிக் கை இறுகினால், அந்த இறுக்கம் கடிவாள வாரின் வழியே குதிரையின் வாய்க்குப் போய், வரவிருக்கும் மதிப்பெண்ணையும் தின்றுவிடும்.

இனி நடுவர் அமரும் இடம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறத்தாழச் சுற்றிலும் அதற்குத் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தெரியாத இடங்கள் உண்டு. கழுத்தை வளைத்து, முகம் செங்குத்தாக நிற்கும்படி வந்தால் எதிரே தெரிவது இன்னும் குறையும். நடுக்கோட்டில் நேராக வரும் உங்கள் குதிரைக்கு, நடுவரின் இடத்தைக் குறிக்கும் 'சி' எழுத்துக்குப் பின்னால் இருட்டாக ஒரு கூடமும், அதற்குள் அசையும் உருவங்களும், பக்கத்தில் காற்றில் படபடக்கும் துணியும் அரைகுறையாகத்தான் தெரிகின்றன. குன்னூரில் தேயிலைத் தோட்டத்து மறைவிலிருந்து காட்டெருமை வெளிப்படுவதைக் கண்டு பழகிய குதிரை, இருட்டுக்குள் அசைவதைச் சந்தேகிப்பதில் என்ன வியப்பு? அரங்கிற்குள் நுழையுமுன் அதன் வெளிப்புறமாகச் சுற்றிவர அனுமதி உண்டல்லவா? அந்த நேரத்தில் நடுவரின் இடத்தை இடப்பக்கமிருந்து ஒரு முறை, வலப்பக்கமிருந்து ஒரு முறை, கழுத்தைத் தளர விட்டு, குதிரை பார்க்க விரும்பும் அளவுக்குப் பார்க்க விடுங்கள். மணி அடித்த பின்னும் நுழைவதற்குப் பொதுவாக 45 நொடிகள் தரப்படுகின்றன. மணி ஒலித்ததுமே அவசரமாகத் திரும்பும் பழக்கமே பல குதிரைகளுக்கு மணியைப் பகையாக்கிவிடுகிறது. வீட்டில் தினமும் ஒரு மணியை அடித்துவிட்டு, கடிவாள வாரை நீளவிட்டு நடக்க வைத்து, கழுத்தைத் தடவிக் கொடுத்து வந்தால், அந்த ஓசைக்கு வேறு பொருள் உண்டாகும்.

முன்னங்கால் தூக்குவதுதான் எனக்கு அச்சம் தருகிறது. குதிரை பின்பக்கமாகச் சாய்ந்து ஏறியிருப்பவர்மேல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அது எழும்பும் நொடியில் உங்கள் மகள் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கவே கூடாது; கையைத் தளர்த்தி, உடலை முன்னே சாய்த்து, பிடரி மயிரைப் பற்றிக்கொள்ள வேண்டும், இறங்கியதும் முன்னே நடத்திவிட வேண்டும். வலி ஏதும் இல்லாத குதிரை நிறுத்தத்தில் இப்படி எழும்பினால், கால் 'போ' என்றும் கை 'போகாதே' என்றும் ஒரே நேரத்தில் சொல்வதே பெரும்பாலும் காரணம். எனவே நிறுத்தத்தைப் புதிதாகக் கற்பியுங்கள். நடையிலிருந்து, உட்காரும் எடையாலும் மூச்சை விடுவதாலும் மெதுவாக நிறுத்துவது, நின்ற கணத்திலேயே கையை இளக்குவது, இரண்டு மூச்சு நேரம் நின்றதும் நடந்து போக விடுவது. முதலில் இவ்வளவு போதும். போட்டியில் நிறுத்தும், அரங்கின் நடுவிலுள்ள 'எக்ஸ்' புள்ளியில் பயிற்சியின்போது நிறுத்தவே வேண்டாம், வேறு எங்கு வேண்டுமானாலும் நிறுத்துங்கள். ஓர் இடத்தில் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே ஊகிக்கும் அளவுக்கு அறிவுள்ள குதிரை இது.

போட்டி நாளில் வார்ம்-அப்பை இரண்டாகப் பிரிப்பது இத்தகைய குதிரைக்கு நல்லது. விடியலில் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும்போது அரை மணி நேரம், பெரும்பாலும் நடையிலேயே, இடத்தைப் பழகவிட்டுத் திரும்ப இலாயத்தில் புல்லோடு நிறுத்துங்கள். பிறகு தன் முறைக்கு முன் ஒரு குறுகிய வார்ம்-அப்: பெரிய வட்டங்கள், நடைக்கும் டிராட்டுக்கும் இடையே அடிக்கடி மாற்றங்கள், தோளை உள்ளே கொண்டுவரும் பயிற்சி. எத்தனை நிமிடத்தில் முதுகு இளகுகிறது, எப்போது மீண்டும் இறுகத் தொடங்குகிறது என்பதை உங்கள் மகள்தான் கண்டறிய வேண்டும்.

பயணத்தையும் கவனியுங்கள். குன்னூரின் குளிரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு காலையும் ஊன்றி நின்றே இறங்கும் குதிரைக்கு அதுவே கடும் உழைப்பு. கீழே வந்ததும் வண்டியை நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் புல் தின்ன விடுங்கள். தலையை உயரக் கட்டியபடியே நெடுநேரம் போகும் குதிரைக்கு நுரையீரல் தொற்று வரக்கூடும். கூடலூர் வழியே போவதாக இருந்தால், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுவதைக் கணக்கில் எடுங்கள். ஊர் மாறினால் தண்ணீர் குடிக்க மறுக்கும் குதிரைக்கு, ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் சிறிது வெல்லம் கரைத்துப் பழக்கினால், அங்கும் அதே சுவைக்குக் குடிக்கும். போட்டிக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். மலைக்குளிரில் வளர்ந்த அடர்ந்த உரோமத்தைக் கத்தரிக்காமல் சமவெளிக்கு இறக்குவது வெயில் காலத்தில் கொடுமை.

விற்பதைப் பற்றி: மருத்துவப் பரிசோதனை முடிந்து, இந்த மாற்றங்களைச் செய்து ஆறு மாதமாவது பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ஆனால் வலி ஏதும் இல்லை என்று உறுதியான பிறகும் எழும்புவது தொடர்ந்தால், அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் ஏறிப் பழக்கட்டும். அதுவரை உங்கள் மகள் அதன்மேல் ஏற வேண்டாம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: போட்டிக்கு முன் குதிரையை அமைதிப்படுத்த மூலிகைப் பொடி கொடுக்கலாம் என்று இலாயத்தில் சொல்கிறார்கள். மூலிகைதானே, தவறில்லை அல்லவா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தவறுதான், கொடுக்காதீர்கள். அசெப்ரோமசின் போன்ற மயக்க மருந்துகள் போட்டியில் கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் 'அமைதி தரும் மூலிகை' என்று விற்கப்படும் பல பொடிகளில் சேரும் வலேரியன் வேரின் பொருளும் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. வலி தெரியாமலிருக்கப் பூசும் மிளகாய்க் களிம்பின் கேப்சைசினும் அப்படியே. சிறுநீரிலோ இரத்தத்திலோ இவை தென்பட்டால், தெரியாமல் கொடுத்தேன் என்ற விளக்கம் எடுபடாது. குதிரைக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் ஏறுபவரே பதில் சொல்ல வேண்டும். இதைவிடப் பெரிது, மயக்கத்தில் தள்ளாடும் குதிரை கேன்டரில் கால் இடறினால் விழப்போவது இருவரும். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று முழுமையாக அச்சிடாத எதையும் போட்டிக் குதிரையின் தொட்டியில் போடக் கூடாது.

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறேன். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் அணி டிரெஸ்ஸாஜில் தங்கம் வென்றதிலிருந்து எனக்கும் ஆசை. இதைப் பழக்க முடியுமா?
– வாசகர், உதகை

பதில்: தொடக்க நிலைப் போட்டிகளுக்குத் தாராளமாகப் பழக்கலாம். அந்த அணியினர் ஏறியவை இதற்கென்றே ஐரோப்பாவில் வளர்த்துப் பழக்கப்பட்ட குதிரைகள் என்பதை மட்டும் மறவாதீர்கள். அந்த அளவுகோலை உங்கள் குதிரைமேல் வைக்க வேண்டாம். பந்தயக் குதிரை, கடிவாளத்தில் பிடி இறுகினால் அதன்மேல் சாய்ந்து ஓடக் கற்றது. ஆகவே அது வேகமெடுக்கும்போது இழுத்துப் பிடிப்பது பயன் தராது, வட்டத்தில் திருப்பி வேகத்தைக் கரையவிடுங்கள். முதல் சில மாதங்கள் மேய்ச்சலும் நீண்ட நடையுமாக, உதகையின் மேடு பள்ளங்களில் கழுத்தை நீட்டி ஏறி இறங்கினாலே போதும். முதுகும் பின்புறமும் அதிலேயே வலுப்பெறும். முதல் போட்டிக்குப் போகும்போது அரங்கிற்குள் நுழையாமல், மற்றக் குதிரைகள் ஓடுவதைப் பார்த்தபடி புல் தின்றுவிட்டுத் திரும்பி வரட்டும்.