ராப் பாட்டைக் கேள், கார்டை மறக்காதே

பார்சிலோனா வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்கிறாய் தம்பி. கூடத் தங்கியிருக்கும் ஸ்பானிஷ் பையன்கள் 'ஹுவான் கார்லோஸ் எல் போபோன்' என்ற ராப் பாட்டை அலற விடுகிறார்கள், அர்த்தம் என்ன, பாடியவர் யார், பகுதிநேர வேலை கிடைக்குமா, கறிவேப்பிலை எங்கே என்று நாலு கேள்வி. முதல் இரண்டைப் பற்றிப் பேசத்தான் அக்காவுக்கு ஆசை.

பாடியவர் பாப்லோ ஹசேல், லேய்டா ஊர்க்காரர். இடதுசாரி, அதிலும் வளைந்துகொடுக்காத ரகம். 'போபோன்' என்பது 'போர்போன்' என்ற அரச குலப் பெயரையும் முட்டாள் என்று பொருள்படும் 'போபோ'வையும் கலந்த கேலி. 2016-ல் வந்த இந்தப் பாட்டில் ஸ்பெயினின் முன்னாள் மன்னர் ஹுவான் கார்லோஸை நார் நாராகக் கிழிக்கிறார். ஊர் வயிறு காய, மன்னர் உல்லாசமாக இருந்தார் என்பதுதான் சாரம்.

அந்தக் கோபத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2012 ஏப்ரலில் மன்னர் போட்ஸ்வானாவுக்கு யானை வேட்டைக்குப் போய் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். வேலை தேடியவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு வேலை இல்லாத நேரம் அது. நான் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மருத்துவமனை வராந்தாவில் நின்று அவர் மன்னிப்புக் கேட்டதை டிவியில் பார்த்த எங்கள் மாஸ்டர், வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமலேயே வண்டை வண்டையாகத் திட்டினார். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் வசவுகளில் பாதி மன்னர் புண்ணியத்தில் அன்று கற்றவை.

இப்போது நீ கவனிக்க வேண்டியதற்கு வருகிறேன். இந்தப் பாட்டுக்கும் ட்விட்டர் பதிவுகளுக்கும் சேர்த்து, பயங்கரவாதத்தைப் புகழ்ந்தார் என்று ஹசேலுக்கு ஒன்பது மாதச் சிறை, மன்னராட்சியை அவமதித்தார் என்று அபராதம். லேய்டா பல்கலைக்கழகத்துக்குள் ஆதரவாளர்களோடு போய் அடைத்துக்கொண்டவரை 2021 பிப்ரவரியில் போலீஸ் பிடித்துப் போனது. வேறு வழக்குத் தண்டனையும் சேர்ந்துகொள்ள, ஒன்பது மாதத்தோடு முடியவில்லை. மயோர்க்கா தீவு ராப்பர் வல்தோனிக், இதே மாதிரிப் பாட்டு வரிகளுக்கு விழுந்த மூன்றரை ஆண்டுத் தண்டனைக்குத் தப்பி 2018-ல் பெல்ஜியம் போய்விட்டார். அந்த நாட்டு நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்ப மறுத்தது.

ஹசேல் கைதான வாரம் இங்கே இரவெல்லாம் குப்பைத்தொட்டிகள் எரிந்தன. போலீஸ் சுட்ட நுரைக் குண்டில் ஒரு பெண்ணுக்குக் கண் போனது. அதைக்கூட லைவ் போடக் கிளம்பினார்கள் நம் பையன்கள். நம்மவர்களில் ஒரு கூட்டம் பத்து வருஷம் இருந்தும் 'ஓலா' என்ற வணக்கத்தைத் தாண்டாது. இன்னொன்று வந்த மாதமே புரட்சிக்குப் புறப்பட்டுவிடும். இரண்டையும் கண்டால் எனக்கு ஆகாது. நான் ஸ்பானிஷும் கற்றேன், இந்தப் பகுதி மொழியான கட்டலானும் கற்றேன்; மொழி வந்த பிறகுதான் எந்தக் கூட்டத்தில் நிற்கலாம் என்பதே விளங்கியது. பிடிபட்டால் உன் அறைத் தோழனை அவன் அப்பா வந்து கூட்டிப் போவார். உன்னிடம் இருப்பது புதுப்பிக்க வேண்டிய வசிப்பிட அனுமதிக் கார்டு. பாட்டைத் தாராளமாகக் கேள். உணர்ச்சிவசப்பட்டு உன் பெயரில் வசனம் எழுதிப் பகிராதே.

உண்மையில் உன்னை அலைக்கழிக்கப் போவது பாட்டு இல்லை, பத்ரோன். மாநகராட்சியில் முகவரியைப் பதிந்தால்தான் மற்ற காகிதமெல்லாம் நகரும். இந்த ஊர் ராவல் பகுதியில் என் முதல் அறைக்கு ஜன்னல் கிடையாது. வாடகையை ரொக்கமாக வாங்கிய வீட்டுக்காரர், பதிவு என்றதும் கையை விரித்தார். முன்பணம் தருவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வை.

வேலைக்கு, மாணவர் விசாவில் வாரம் 30 மணி நேரம் வரை அனுமதி உண்டு. கறிவேப்பிலைக்கு அதே ராவலில் இருக்கும் பாகிஸ்தானிக் கடைகளில் விசாரி.