டெல்டாவா, ஒமைக்ரானா: எது கொடியது?

கேள்வி: கொரோனா வைரஸின் டெல்டா வகை நுரையீரலையே தாக்கியது, ஒமைக்ரான் வகை வெறும் சளிதான் என்கிறார்களே டாக்டர், உண்மையா?

பதில்: பாதி உண்மை. டெல்டா காலத்தில் நான் வார்டில் இருந்தேன். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவரின் விரலில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 82 சதவீதம் காட்டும்; ஆபத்தான அளவுக்குக் குறைவு. அந்த எண் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. 2021 கடைசியில் ஒமைக்ரான் வந்தபின் அப்படிப்பட்டவர்கள் குறைந்தார்கள்; தொண்டை வலியோடு வந்தவர்களே அதிகம். ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சோதித்தபோது, ஒமைக்ரான் மூச்சுக்குழாய்த் திசுவில் டெல்டாவைவிட ஏறத்தாழ 70 மடங்கு வேகமாகப் பெருகியது. நுரையீரல் திசுவிலோ மெதுவாகத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டெல்டா பரவியபோது பலருக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை. ஒமைக்ரான் வருவதற்குள் தடுப்பூசியோ பழைய தொற்றோ பலரைக் காத்துவிட்டது. அதே ஹாங்காங்கில் 2022 தொடக்கத்தில் தடுப்பூசி போடாத முதியவர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்களே, அதுவும் ஒமைக்ரான்தான்! சரி, உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டியவர் யாராவது இருந்தால், சளிதானே என்று விட்டுவிடாதீர்கள். மூச்சு வாங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.