அப்பாவின் பயம் என் கையில்

கேள்வி: எனக்கு 29 வயது. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வசிக்கிறோம். 1981 ஆகஸ்டில், தமிழருக்கு எதிரான வன்செயல்களின்போது, இரத்தினபுரிப் பக்கம் எங்கள் குடும்பம் இருந்த லயத்துக்குத் தீ வைத்த இரவில், ஒன்பது வயதான என் அப்பா, அழுத தம்பியின் வாயைப் பொத்தியபடி தேயிலைக்குள் ஒளிந்திருந்தாராம். இதை அப்பாயி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்பா வாய் திறந்ததே இல்லை. ஆனால் நாங்கள் உரக்கச் சிரித்தாலே அடிப்பார். சென்ற மாதம் இரவில் வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றபோது, பாடிக்கொண்டிருந்த என் ஏழு வயது மகனை நான் அறைந்துவிட்டேன். இது எங்கள் இரத்தத்திலேயே ஊறியதா?

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. சத்தம் போட்டால் உயிர் போய்விடும் என்பது அந்த ஓர் இரவில் உண்மையாக இருந்தது. அந்த இரவு முடிந்த பிறகும் அந்த விதி உங்கள் வீட்டில் முடியவில்லை. காரணத்தைச் சொல்லாமல் அடியை மட்டும் கொடுத்ததால், அடி வாங்கிய குழந்தைகள் பயத்தைக் கற்றுக்கொண்டார்களே தவிர, எதற்குப் பயப்படுகிறோம் என்பதை அறியவில்லை. மகனை அறைந்த கணத்தில் நீங்களும் வாகனத்துக்குத்தான் பயந்தீர்கள்.

பெரியவர்கள் ஏன் பேசவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில், அதாவது தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தோரில், மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. வீடு எரிந்தாலும் முறையிடப் போகும் இடத்தில் தம்மை இந்நாட்டவர் என்று ஏற்பார்களா என்பதே நிச்சயமில்லாத மக்களுக்கு, வாயை மூடிக்கொள்வது ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது. (இதைப் பொறுமை என்று மேடையில் புகழ்பவர்களைக் கேட்டால் எனக்கு எரிச்சலாக வரும்.)

ஆனால் இந்த வரலாறு அப்பாவின் அடியை விளக்குகிறதே தவிர, நியாயப்படுத்தவில்லை. அவரைப் புரிந்துகொண்டபின்னும் உங்களுக்குக் கோபம் இருக்கலாம், அதில் பிழையில்லை.

முதலில் மகனிடம், "அன்றைக்கு அம்மா பயந்துவிட்டேன், நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை, அடித்தது என் பிழை" என்று சொல்லுங்கள். ஏழு வயதுக்கு அது போதும். தீயின் கதை பிறகு வரட்டும். அடுத்த தடவை கை ஓங்கும்போது, அவனை விட்டு நகர்ந்து, இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நின்று, வந்தது யாருடைய வாகனம் என்று கண்ணால் பாருங்கள். அது கொழுந்து லொறியோ பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டியோ என்று தெரிந்ததும் உடம்பு மெல்லத் தளரும். ஒரே நாளில் அல்ல, பல தடவை பழகிய பிறகு.

தூக்கமில்லாமலோ, கையை அடக்க முடியாமலோ போனால், அரசாங்க வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அப்பாவை அந்த இரவைப் பற்றி வற்புறுத்திக் கேட்க வேண்டாம். அந்தத் தோட்டம் எப்படி இருந்தது, யாருடன் விளையாடினார் என்று கேளுங்கள்; அந்த இரவுக்கு வருவதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அப்பாயி இருந்தால், அவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காருங்கள். ஒரு தடவை சொன்னவர் இன்னொரு தடவையும் சொல்லக்கூடும்.