பாலசரஸ்வதியைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: பரதநாட்டியக் கலைஞர் டி. பாலசரஸ்வதி என்கிறார்களே, அந்த ‘டி’ அப்பா பெயரா?

இல்லை, ஊர்ப் பெயர். தஞ்சாவூர். மூதாதை பாப்பம்மாள் தஞ்சை அரண்மனைக் கலைஞர். பாலா பிறந்தது என்னவோ சென்னையில்தான், 1918 மே 13.

கேள்வி: வீணை தனம்மாள் இவருக்குச் சொந்தமா?

பாட்டி. அம்மா ஜெயம்மாள் பாடகி. தம்பிகளில் ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனம்மாள் வீட்டில் வீணை வாசித்தால், பெரிய வித்வான்களே வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அந்தக் கூடத்தில் வளர்ந்த பெண் இவர். சலங்கை கட்டியது அப்புறம்தான், காதுக்குள் பதங்கள், அதாவது அபிநயத்துக்கான மெதுவான காதல் பாட்டுகள், அதற்கு முன்பே ஏறிவிட்டன.

கேள்வி: அப்படியானால் ஆட்டத்துக்கு எப்படி வந்தார்?

மயிலாப்பூர் கௌரி அம்மாள் ஆடியதைப் பார்த்து வந்த ஆசை. பரதநாட்டியக் கச்சேரிக்கு வடிவம் தந்த சகோதரர்களான தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த கந்தப்பப் பிள்ளையிடம் பயிற்சி. கண்டிப்புக்குப் பேர்போனவர். 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம், அப்போது பாலாவுக்கு ஏழு வயது. இவர் வந்த தேவதாசி மரபு என்றாலே முகம் சுளித்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: நடனத்தில் சிருங்காரத்தை, அதாவது காதல் ரசத்தை, குறைக்க வேண்டும் என்று கலாக்ஷேத்திரா நிறுவிய ருக்மிணி தேவி தரப்பில் சொன்னபோது இவர் ஒத்துக்கொள்ளவில்லையாமே?

ஒத்துக்கொள்ளவே இல்லை. பக்தியைச் சொல்ல சிருங்காரத்தை விடப் பெரிய ரசம் கிடையாது என்பது இவர் கட்சி. என் ஓட்டும் இவருக்கே.

1975-இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் பரதநாட்டியக் கச்சேரியில் உருப்படிகள் வரும் வரிசையையே ஒரு கோயிலாகக் காட்டினார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் மண்டபம், வர்ணம் சந்நிதி. பதத்துக்கு வரும்போது மேளதாள ஆரவாரமெல்லாம் ஓய்ந்து கருவறையின் குளிர்ச்சி. தில்லானா கற்பூர ஆரத்தி. அடுத்த முறை ஒரு முழுக் கச்சேரி பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வர்ணம் முடிந்ததும் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போகிறார்களே, கருவறை வாசலோடு திரும்புகிறவர்கள் அவர்கள்!

கேள்வி: சங்கீத கலாநிதி பாடகர்களுக்குத் தருவதல்லவா? இவருக்கு எப்படி?

1973-இல் மியூசிக் அகாடமி தந்தது. அதைப் பெற்ற ஒரே நடனக் கலைஞர் இவர். ஆடும்போதே பாடுவார். பாட்டு வேறு, அபிநயம் வேறு என்று அவரிடம் பிரிக்க முடியாது. அந்த வகையில் சரியான இடத்துக்குத்தான் பட்டம் போயிருக்கிறது.

கேள்வி: நான் பிறந்தபோது அவர் உயிரோடு இல்லை. எதைப் பார்த்தால் புரியும்?

1984 பிப்ரவரியில் காலமானார். சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த ‘பாலா’ ஆவணப்படத்தைப் பாருங்கள். கடற்கரையில் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ (கிருஷ்ணா, சீக்கிரம் வா) என்ற கன்னடப் பாட்டு வரும் இடம். அறுபதை நெருங்கும் வயது, காற்றில் சேலை படபடத்துக்கொண்டே இருக்கிறது. அந்த அம்மாள் குழந்தையைக் கூப்பிடும் கையை மட்டும் பாருங்கள்.