முகாம்ல சாமி படம் இல்லாத வீடு இருக்கா? நீங்க கேட்டதுக்கு என் பதில்

பழவிளை இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளுக்கு ரொம்ப வருஷமா டியூஷன் எடுக்குதேன், அந்தப் பழக்கத்துல தெரிஞ்சத சொல்லுதேன்.

கேள்வி (தக்கலை அக்கா): எல்லாத்தையும் இழந்தவங்களுக்கு சாமி மேல கோவம் வராதா?

வரும்க்கா. ஒரு அம்மா 1990ல மன்னார்ல இருந்து ராத்திரி போட்ல வந்தவங்க, சேலை முந்தில முடிஞ்சு கொண்டுவந்தது வீட்டுச் சாவியும் மடு மாதா படமும்தான், கடல் தண்ணி பட்டு மாதா முகமே அழிஞ்சு போச்சு. மூணு வருஷம் அந்தப் படத்த சுவத்தப் பாத்து திருப்பி வச்சிருந்தாங்களாம், ஆனா தூக்கிப் போடல. மகளுக்கு பிள்ளை பிறந்த அன்னைக்குதான் நேரா வச்சாங்க. கோவப்படவும் ஒரு ஆள் வேணும்லா.

கேள்வி: மடு அவ்வளவு பெரிய கோயிலா?

மன்னார் காட்டுக்குள்ள இருக்கு. சண்டை நேரத்துல ஆயிரக்கணக்கானவங்க அங்கதான் தஞ்சம் புகுந்தாங்க, சைவ சமயத்து இந்துக்களும் கும்பிடுத மாதா கோயில் அது. 2008 ஏப்ரல்ல சண்டை நெருங்கினதும் மாதா சுரூபத்தையே, அதாவது சிலையையே, எடுத்துட்டு போயிட்டாங்க, ஆகஸ்ட்லதான் திரும்பி வந்துச்சு. அந்தச் செய்தி வந்த அன்னைக்கு "மாதாவும் இடம்பெயந்துட்டா"ன்னு அந்த அம்மா அழுதது இப்பவும் கண்ணுல நிக்கு.

கேள்வி: மதத்த காரணமா காட்டி தஞ்சம் கேக்கலாமா?

கேக்கலாம், 1951 அகதிகள் ஒப்பந்தம் சொல்லுத அஞ்சு காரணத்துல மதமும் ஒண்ணு. ஆனா இந்தியா அதுல கையெழுத்து போடல. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்துல இருந்து வந்த இந்து, கிறிஸ்தவர் உட்பட ஆறு மதத்துக்காரங்கள சேத்திருக்கு, இலங்கைய சேக்கல. நம்ம முகாம்ல இருக்கது இந்துவும் கிறிஸ்தவனும்தானே, அவங்கள ஏன் விட்டாங்கன்னு பிள்ளைக கேக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கு.

கேள்வி (சர்ச் இளைஞர் குழு தம்பி): அரிசி குடுக்கப் போறோம், அப்படியே ஜெபம் பண்ணலாமா?

வேண்டாம் தம்பி. அரிசிய குடுத்துட்டு வந்திருங்க. கை நீட்டி நிக்கவங்க கிட்ட ஜெபம் பண்ணட்டான்னு கேட்டா வேண்டாம்னு சொல்ல வாய் வராது பாத்தியளா. இது கோயில் கமிட்டிக்காரங்களுக்கும் சேத்துதான். பழகுங்க, அவங்களே கூப்பிட்டா போய் உக்காந்து ஜெபிங்க.

கேள்வி: வெளிநாடு போனவங்க எப்படி?

அங்கயும் முதல்ல தேடுதது கோயிலத்தான். ஜெர்மனில ஹம் நகரத்துல அகதியா போனவங்க கட்டின காமாட்சி அம்பாள் கோயில் 2002ல திறந்தாங்க, வருஷா வருஷம் தேர் ஓடுது. முகாம்ல ஒரு பாட்டி பேரன் அனுப்புன தேர் வீடியோவ செருப்ப கழட்டி வச்சிட்டுதான் பாப்பாங்க.