ஈஸ்ட்ல கேல்4 எப்படி ஜீனை ஆன் பண்ணுது?
பூஞ்சையில டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், அதாவது ஜீனை ஆன்/ஆஃப் பண்ற புரதம், எப்படி இருக்கும், என்ன வேலை பாக்கும்னு கேட்டிருக்கீங்க. பொதுவா சொன்னா மண்டை காயும், அதனால பிரெட் மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்ல இருக்கிற கேல்4-ஐ மட்டும் எடுத்துக்கறேன், கேலக்டோஸ்ங்கிற சர்க்கரையைச் சாப்பிடத் தேவையான ஜீன்களை ஆன் பண்றது இதுதான்.

881 அமினோ அமிலம் உள்ள புரதம் இது, ஆனா டிஎன்ஏவைப் பிடிக்கிறது தலைப்பக்கம் இருக்கிற குட்டித் துண்டுதான், அங்க 6 சிஸ்டீன் சேர்ந்து 2 துத்தநாக அயனியை இறுக்கி வச்சிருக்கும், இந்த அமைப்பு பெரும்பாலும் பூஞ்சைகள்லதான் இருக்கு, மனுஷங்ககிட்ட கிடையாது. தனியா உக்காராது, ஜோடியாதான். உக்கார்ற இடம் டிஎன்ஏ எழுத்துல சி-ஜி-ஜி, நடுவுல 11 எழுத்து எதுவா வேணா இருக்கலாம், அப்புறம் சி-சி-ஜி, ஆக மொத்தம் 17.

வால்பக்கம்தான் ஜீனை ஆன் பண்ற சுவிட்ச். சாதாரணமா கேல்80-ன்னு இன்னொரு புரதம் அதை மூடிட்டு உக்காந்திருக்கும். கேலக்டோஸ் வந்தா கேல்3-ன்னு வேற ஒரு புரதம் அந்த கேலக்டோஸைப் பிடிச்சுக்கிட்டு கேல்80-ஐ இழுத்துக்கும், வால் ஃப்ரீ ஆயிடும், ஆர்என்ஏ எழுதுற மெஷினைக் கூப்பிடும். ஆனா குளுக்கோஸ் இருந்தா மிக்1-ன்னு ஒரு புரதம் வந்து இந்த ஜீன்களை அமுக்கிடும், கையில சோறு இருக்கும்போது எதுக்கு அடுப்பு பத்த வைக்கணும்னு!

எனக்குப் பிடிச்ச விஷயம், 1985-ல பிரென்ட், டாஷ்னேன்னு ரெண்டு விஞ்ஞானிங்க கேல்4 தலையை வெட்டிட்டு, டிஎன்ஏவைப் பிடிக்கிற லெக்ஸ்ஏங்கிற பாக்டீரியா புரதத்தோட தலையை ஒட்டினாங்க, அப்பவும் வால் வேலை செஞ்சுது. தலையும் வாலும் தனித்தனியா வேலை செய்யும்ங்கிற அந்த விஷயத்தை வச்சுதான் 1989-ல ஃபீல்ட்ஸும் சாங்கும் ரெண்டு புரதம் ஒட்டுதான்னு பாக்குற ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் முறையையே கொண்டுவந்தாங்க.