மார்பகப் புற்றுச் செல்லின் நகர்வை ஆராய விரும்பும் மகளின் தாய்க்கு

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

மார்பகப் புற்றுச் செல்கள் நகர்வதில், செல்லுக்கு உள்ளிருந்து வடிவம் தரும் செல் சட்டகப் புரதங்களுக்கு உள்ள பங்கை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப் போவதாக உங்கள் மகள் சொல்லியிருக்கிறார். இத்தனை குறுகிய தலைப்பில் ஐந்தாறு ஆண்டுகள் போய்விட்டால் பிற்பாடு யார் வேலை கொடுப்பார்கள் என்று நீங்கள் கலங்கி எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தத் தலைப்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மார்பகத்துக்குள் அடங்கியிருக்கும் கட்டியைப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையால் நீக்கிவிட முடிகிறது. அங்கிருந்து கிளம்பி எலும்பிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் மூளையிலும் குடியேறும் செல்களால்தான் பெரும்பாலான மரணங்கள் நேர்கின்றன. அவை எந்த விசையால் கிளம்புகின்றன என்பதே உங்கள் மகளின் கேள்வி.

செல்லுக்குள் இருக்கும் அந்தச் சட்டகத்தில், ஆக்டின் என்னும் புரதத்தால் ஆன இழைகள் சுமார் 7 நானோமீட்டர் தடிமன் உடையவை. ஆர்ப் 2/3 என்னும் புரதக் கூட்டு அவற்றில் ஏறத்தாழ 70 பாகைக் கோணத்தில் கிளைகளை உண்டாக்க, அக்கிளைகள் வளர்ந்து செல்லின் முன்விளிம்பைத் தள்ளுகின்றன. பின்புறத்தில் மயோசின் என்னும் புரதம் அதே இழைகளைப் பற்றி இழுக்க, செல்லின் உடல் நகர்ந்து வருகிறது. புற்றுச் செல்களில் இதே ஆக்டின் சிறு முனைகளாக நீண்டு, சுற்றியுள்ள திசுவை அரிக்கும் நொதிகள் வெளிப்படவும் இடம் தருகிறது. அண்டைச் செல்களோடு உறுதியாகப் பிணைந்திருக்க உதவும் கெரட்டின் என்னும் சட்டகப் புரதம் குறைந்து விமென்டின் என்னும் மற்றொரு சட்டகப் புரதம் மிகுவது, பரவும் தன்மை கூடிய பல மார்பகப் புற்றுகளில் காணப்படுகிறது. ஆயினும் கூட்டமாக ஊடுருவும் செல்களில் முன்னே செல்பவை கெரட்டின் வகைகளில் ஒன்றான கெரட்டின் 14ஐக் கொண்டிருப்பதும் அறியப்பட்டுள்ளதால், இதை எளிய விதியாக மனப்பாடம் செய்ய முடியாது. சட்டகத்தின் இன்னொரு பகுதியான, சுமார் 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்களைப் பற்றிக்கொண்டு செல் பிரிதலை நிறுத்தும் பாக்லிடாக்சல் என்னும் மருந்து, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது.

ஆக்டினையும் அவ்வாறே மருந்தால் முடக்கலாமே என்று தோன்றும். ஆனால் இதயத் தசை சுருங்குவதும் வெள்ளையணுக்கள் கிருமியைத் தேடி நகர்வதும் ஆக்டினால்தான் என்பதால், அதை நேரடியாகத் தடுப்பது நோயாளியையே தாக்கும். ஆகவே, உறுப்புகளின் பரப்பை மூடியிருக்கும் இயல்பான எபிதீலியச் செல்களில் அரிதாகவும் தீவிரமான புற்றுச் செல்களில் மிகுதியாகவும் காணப்படும் ஃபாசின் போன்ற, ஆக்டினுக்குத் துணைநிற்கும் புரதங்களின் மீது ஆய்வாளர்கள் கவனம் செலுத்துகிறார்கள். இந்தத் துறையில் உழைக்க இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

வேலையைப் பொறுத்தவரை, ஒரு புரதத்தின் பெயரை நம்பி யாரும் வேலை தருவதில்லை. ஆய்வில் கை பழகியதை நம்பித்தான் தருகிறார்கள். செல் வளர்ப்பு, ஒளிரும் நுண்ணோக்கி, நகரும் செல்களின் படங்களைக் கணினியில் அளக்கும் நிரலாக்கம், புள்ளியியல் ஆகியவற்றை உங்கள் மகள் ஐந்தாண்டில் உண்மையாகவே கற்றுக்கொண்டால், மருந்து நிறுவனங்களும் நோயறிதல் ஆய்வகங்களும் நுண்ணோக்கி மையங்களும் அவரைத் தேடும். நிரலாக்கத்தைத் தவிர்த்துவிட்டுச் சோதனைகளை மட்டும் செய்து முடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்லூரிப் பேராசிரியர் பணி மட்டுமே இலக்கு என்றால் உங்கள் கவலை நியாயமானது, ஏனெனில் முனைவர்களின் எண்ணிக்கைக்கு அந்த இடங்கள் போதாது.

சேர்வதற்கு முன் அவர் ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் பயிற்சி பெறட்டும். மெதுவாக நகரும் எம்சிஎஃப்-7, விரைந்து ஊடுருவும் எம்டிஏ-எம்பி-231 ஆகிய இரண்டு செல் வகைகளும், நோயாளிகளின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து பிரிக்கப்பட்டு இன்றுவரை வளர்க்கப்படுபவை. அவற்றைத் தட்டில் பரப்பி, நடுவே ஒரு கோடு கீறி, அந்த இடைவெளி மூடுவதை ஒரு நாள் முழுவதும் பதிவுசெய்து, ஒவ்வொரு செல்லின் பாதையையும் அவரே அளக்கட்டும். அந்த வேலை முடிந்த மாலையில் அவரிடம் மறுபடி கேளுங்கள். அப்போது அவர் சொல்லும் பதிலை நீங்கள் நம்பலாம்.